விழுந்ததுல ஒடிஞ்சது

வாங்க அண்ணாச்சி, இங்கன எடம் இருக்கு. பையை மடியில வச்சுக்கிறேன், உக்காருங்க. பார்த்து, பார்த்து. உள்ள மணி இருக்கு. கேட்டுச்சா? சைக்கிள் மணிதான். பஸ்ஸு பள்ளத்துல எறங்குறப்பல்லாம் அதுவா அடிச்சுக்குது. சாத்தூர்ல ஏறுனதுலேருந்து முன்சீட்டுக்காரர் ரெண்டு தடவை திரும்பி மொறைச்சுட்டாரு. மொறைக்கட்டும். முப்பத்தெட்டு வருஷமா அடிக்காத மணி, ஆயுத பூஜை அதுவுமா நாலு தடவை அடிச்சுட்டுப் போகட்டுமே.

நெத்தியிலயா? ஒண்ணுமில்ல, வாசல் நெலையில இடிச்சிருச்சு. அக்கா வீட்டு நெலை குட்டை. ரத்தம் அப்பவே நின்னு போச்சு.

பொரி எடுத்துக்கோங்க. கண்டக்டர் குடுத்தாரு. டிப்போவுல பூஜை போட்டு, வாழைக்கன்னு கட்டி, ஜம்முன்னு வந்திருக்கு பாருங்க வண்டி. எங்க வீட்டுலயும் இன்னைக்குப் பூஜைதான். நான் எங்க ஊருக்கு ரோடு பிரியிற வேப்பங்குளம் விலக்குல எறங்கணும். அங்கன எம்மக வந்து நிப்பா. மங்கையர்க்கரசின்னு பேரு, மங்கைன்னு கூப்பிடுவோம். காலேஜுல ரெண்டாவது வருஷம். அவ அம்மா போயி ஆறு வருஷமாச்சு, ஒத்தப் பிள்ளை. சைக்கிள்ல வந்து என்னை ஏத்திக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. 'நீங்க பின்னாடி கேரியர்ல உக்காந்து வாங்கப்பா, நான் மிதிக்கிறேன்'ங்கிறா. இன்னைக்குத்தான் வண்டிக்கு மொத ஓட்டம். நாலு மணியிலேருந்து நல்ல நேரம். எலுமிச்சம்பழத்த சக்கரத்துக்கு அடியில வச்சு ஏத்திட்டு, கண்மாய்க்கரை வழியா வருவா. மணி இப்ப என்ன? மூணே முக்காலா? இருக்கு, நேரம் இருக்கு.

புது சைக்கிள் இல்ல அண்ணாச்சி. புதுசா இருந்தா உங்ககிட்ட எதுக்குச் சொல்லப்போறேன். எங்கப்பா சைக்கிள். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி. குச்சி அடுக்குற சட்டத்தைக் கேரியர்ல கட்டிக்கிட்டு ஊரு ஊராப் போவாரு, வீடு வீடாக் குடுத்து அடுக்கி வாங்கிட்டு வருவாரு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அந்த வண்டிதான். அந்தக் காலத்து இரும்பு, தூக்கிப் பார்த்தாத் தெரியும். அந்த வண்டியிலதான் அவர் செத்தாரு.

பயப்படாதீங்க. எல்லாம் பழைய கதை.

எங்க ஊருலேருந்து விலக்குக்கு வரணும்னா கண்மாய்க்கரை மேலதான் வரணும். கண்மாய்த் தண்ணி வழிஞ்சு போற கலுங்கு இருக்குற எடத்துல ஒரு எறக்கம். செங்குத்தா எறங்கும், அடியில பூராவும் கல்லு. அங்கனதான் விழுந்தாரு. காலையில எட்டு மணி இருக்கும். நான் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், அதுக்குள்ள கூட்டம் கூடிருச்சு. எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கிறாங்க. எப்படிரா விழுந்தாரு, எப்படிரா விழுந்தாருன்னு கேக்குறாங்க. எனக்குப் பத்தொம்பது வயசு. நான் சொன்னேன், குடிச்சிருப்பாருன்னு.

நான்தான் மொதல்ல சொன்னேன். யாராவது ஒரு ஆள் சொல்லணும்ல அண்ணாச்சி? சும்மா போற மனுசன், தெனம் போற எறக்கம், எப்படி விழுவாரு? குடிச்சிருந்தாத்தான் விழுவாரு. நான் சொன்னதும் கூட்டத்துல ரெண்டு பேரு ஆமாமான்னாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரு பூராவும் அதேதான். அப்பா குடிச்சு நீங்க பார்த்திருக்கீங்களான்னா? நான் பார்த்ததில்ல. எல்லாரும் பார்க்கவா குடிப்பாங்க?

அக்கா மட்டும் அதை ஒத்துக்கல. இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல. பேச்சியம்மான்னு பேரு, ஏழாயிரம்பண்ணையில கட்டிக்குடுத்தது. இப்ப அவ வீட்டுலேருந்துதான் வர்றேன். அவ ஒரே பிடியா நிக்கிறா. சைக்கிளோட முன் போர்க்கு, தெரியும்ல, ஹேண்டிலுக்குக் கீழ சக்கரத்தைப் புடிச்சிருக்குமே ரெண்டு காலு, அது ரெண்டா ஒடிஞ்சு கெடந்துச்சு. அதான் காரணம்ங்கிறா. போர்க்கு ஒடிஞ்சதால அப்பா விழுந்தாருங்கிறா. நான் சொல்றேன், அப்பா விழுந்ததுல போர்க்கு ஒடிஞ்சதுன்னு. அம்புட்டு உயரத்துலேருந்து கல்லு மேல விழுந்தா இரும்பு ஒடியாதா? விழுந்ததுல ஒடிஞ்சது அண்ணாச்சி. ஒடிஞ்சதால விழல. இது ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க குடும்பம் முப்பத்தெட்டு வருஷமாப் பேசாமக் கெடக்கு.

அப்பா காரியம் முடிஞ்ச மறுநாள் அம்மா ஒரு வேலை பண்ணுனா. ஆளைக் காவு வாங்குன வண்டி முழுசா இருக்கக் கூடாதுன்னுட்டா. எங்க பக்கம் அப்படி ஒரு பேச்சு உண்டு. வண்டிய ஆளை வச்சுக் கழட்டச் சொல்லி, ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு வீட்டுக்குக் குடுத்துட்டா. ஒரே வீட்டுக்கு ரெண்டு சாமான் போகல. யாரும் அதை வச்சு வண்டி ஓட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் குடுத்தா. ஒடிஞ்ச போர்க்கையும் இந்த மணியையும் மட்டும் அக்கா புடுங்கிக்கிட்டா. அப்பாவோட வேட்டியில சுத்தி டிரங்குப் பெட்டியில வச்சுக்கிட்டா.

அம்மா அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தா. என் கையால ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டதில்ல. தனியாப் பொங்கிக்குவா. அவளுக்குச் சுத்தம் ஜாஸ்தி.

இப்ப எதுக்கு இந்த வேலைன்னு கேக்குறீங்க. சொல்றேன். போன வருஷம் ஒரு கல்யாண வீடு. பந்தியில அக்கா எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்கா. யாரோ அப்பா பேச்சை எடுத்தாங்க. 'எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சவரில்ல, ஒடிஞ்ச போர்க்கு என் பெட்டியில இருக்கு, வந்து பாருங்க'ன்னுட்டா. எம்மக பக்கத்துல உக்காந்திருக்கா. எல்லாத்தையும் கேட்டுட்டு, வீட்டுக்கு வந்து, 'அப்பா, தாத்தா சைக்கிள் போர்க்குல என்னப்பா இருந்துச்சு?'ன்னு கேட்டா. பெத்த பிள்ளை அண்ணாச்சி. அவ கேட்ட மொறையே எனக்குப் பிடிக்கல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அந்த வண்டிய முழுசாக் கூட்டணும். அதே சாமான், அதே போர்க்கு, அதே எறக்கம். ஓடிக் காட்டிருச்சுன்னா போர்க்கு நல்ல போர்க்கு. அதுக்கப்புறம் யாரும் வாயத் தெறக்க முடியாதுல்ல?

சாமான் தேடுன கதை ஒரு தனிக் கதை. பத்து மாசம் அலைஞ்சேன். ஹேண்டில் பார் எங்க இருந்துச்சு தெரியுமா? நாட்டார்பட்டி சலூன்ல. செவுத்துல அடிச்சு துண்டு காயப்போட்டிருந்தாங்க. நான் கேட்டதும் கடைக்காரர், 'எங்கய்யா சத்தியம் பண்ணி வாங்குனது, எடுத்துட்டுப் போங்க, ஆனா நான் குடுத்ததா இருக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாரு. நானேதான் ஆணியைப் புடுங்கி எடுத்தேன். பின் சக்கரம் ஒரு சாணைக்காரர் வீட்டுல. அதுல பட்டை மாட்டி, மிதிச்சு, கத்தி தீட்டிக்கிட்டு இருந்தாங்க ரெண்டு தலைமுறையா. கேரியர் ஒரு வீட்டுல தண்ணிக் குடம் வைக்க. செயின் கவர் ஒரு கூரையில தண்ணி வடிய. வண்டிச் சட்டம் எங்க தோட்டத்து வேலிப் படல்லயே கட்டிக் கெடந்துச்சு, நான்தான் கவனிக்காம இருந்திருக்கேன். மட்கார்டு குடுத்த ஆத்தா இருக்கே, எம்பத்தஞ்சு வயசு, குடுக்கும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கைய மட்டும் நீட்டுச்சு. 'உங்க ஆத்தா பிரிச்சு வச்சதை நீ கூட்டுறியாய்யா'ன்னு கேட்டுச்சு. வயசானா அப்படித்தான், என்ன பேசுறோம்னு தெரியாது.

கெடைக்காததும் உண்டு. சீட்டோட தோலு மக்கிப் போச்சு. பெடல் ஒண்ணு காணோம். போக்ஸ் கம்பி பாதி துரு. விருதுநகர்ல ஒரு பழைய சைக்கிள் கடை, மூடி வருஷக்கணக்காச்சு, அவர் வீட்டு மச்சுல சாக்கு சாக்கா அந்தக் காலத்து சாமான் இருக்குன்னு கேள்விப்பட்டு, நாலு நாள் போயிப் போயி நின்னேன். அஞ்சாவது நாள் ஏணியக் குடுத்துட்டாரு. தூசியில தும்மித் தும்மி மூக்குல ரத்தமே வந்திருச்சு. ஆனா கெடைச்சது அண்ணாச்சி, பெடலு, அதே மாதிரி, எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காம. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, அம்புட்டுச் சந்தோசம்.

இருங்க, போன்.

அக்காதான். விடுங்க, அடிச்சு ஓயட்டும்.

போர்க்கா? அதுக்குத்தான் வர்றேன். போர்க்குக்காக அக்கா வீட்டுக்குப் போனேன், ரெண்டு மாசம் முந்தி. எத்தனையோ வருஷம் கழிச்சு அந்த வாசல் ஏறுறேன். குடுக்கமாட்டான்னுதான் நெனச்சேன். அவ உள்ள போயி பெட்டியத் தெறந்து, வேட்டியோட தூக்கிட்டு வந்து என் கையில வச்சா. 'எடுத்துட்டுப் போ. நான் பார்த்தது போதும். உன் வீட்டுல வச்சு தெனம் நீ பாரு'ன்னா. மனசு நெறஞ்சு குடுத்தா அண்ணாச்சி. உடம்பொறந்தவ இல்லையா, என்ன இருந்தாலும் விட்டுப் போகுமா?

அதைக் கொண்டுபோய் சாத்தூர்ல சூசைன்னு ஒரு மெக்கானிக், நல்ல வேலைக்காரன், அவன்கிட்டக் குடுத்தேன். ஒட்டிக் குடுப்பான்னு பார்த்தா, ஒடிஞ்ச எடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். வெரலை வச்சுத் தடவுறான். 'அண்ணே, இது பட்டறைத் தீயில போன இரும்பு. பழுக்கக் காச்சி யாரோ முக்கியிருக்காங்க. மொடமொடன்னு ஆயிருச்சு. பாதி ஒடிவு பழசு, உள்ள துரு ஏறியிருக்கு. மீதிதான் புதுசா ஒடிஞ்சது. இதை ஒட்டக் கூடாது. புதுப் போர்க்கு கடையில கெடைக்கும், மாட்டிக்கோங்க'ன்னான். இவனுக்கு என்ன வயசு? முப்பத்தஞ்சு இருக்குமா? முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின ஒடிவைப் பத்தி இவன் சொல்றான்.

காச்சுனது உண்மைதான். அது ஒரு சின்ன விசயம். அப்பா சாகுறதுக்கு ஒரு பன்னெண்டு நாள் முந்தி, அவருக்குத் தெரியாம வண்டிய எடுத்துக்கிட்டு சினிமாவுக்குப் போனேன், கூட்டாளிய கேரியர்ல வச்சுக்கிட்டு. ஓடைப் பாலத்துல எறங்கும்போது ஒரு குழி. போர்க்கு உள்வாக்குல வளைஞ்சிருச்சு. வீட்டுக்குக் கொண்டுபோனா அப்பா தோலை உரிச்சிருவாரு. பக்கத்து ஊரு ஆசாரி பட்டறையில குடுத்து, தீயில பழுக்கக் காச்சி, நிமித்தி, தண்ணித் தொட்டியில முக்கி எடுத்தோம். சுர்ருன்னுச்சு. கறுப்புப் பெயிண்டு வாங்கி ரெண்டு பூச்சு பூசிட்டேன். அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நிமித்துன போர்க்கு முன்னைக்கு இப்ப உறுதி. இரும்பைக் காச்சி முக்குனா இறுகத்தானே செய்யும்? அருவா செய்யிறவன் அப்படித்தானே செய்யிறான்?

அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எதுக்குச் சொல்லணும்? சம்பந்தமில்லாத விசயம். இப்பக்கூட பேச்சுவாக்குல உங்ககிட்ட வந்திருச்சு, அம்புட்டுதான்.

சூசை மாட்டேன்னதும் நான் விட்டுட்டேனா? வேற எடத்துல காஸ் வெல்டிங் வச்சேன். அவன் கேள்வி கேக்கல, சைக்கிளுக்குன்னு நானும் சொல்லல, வீட்டு இரும்புக் கதவுக்குன்னுட்டேன். அப்புறம் பட்டி பார்த்து, தேய்ச்சு, பெயிண்டு அடிச்சு, மஞ்சக் கோடு இழுத்து, நானே வீட்டுல வச்சு மாட்டுனேன். பார்த்தா ஒடிஞ்ச எடம் எங்கன்னு நீங்க வெளக்கு வச்சுத் தேடுனாலும் தெரியாது.

ஓட்டிப் பார்த்தேனான்னா? எனக்கு முட்டி வலி அண்ணாச்சி. ரெண்டு தடவை ஸ்டாண்டை எடுத்தேன். ரெண்டு தடவையும் சரியா அந்த நேரம் பார்த்து முட்டி சுள்ளுனு இழுத்துச்சு. சரி, பிள்ளைதான் ஆசைப்படுறாளே, மொத ஓட்டம் அவளே ஓட்டட்டும்னு விட்டுட்டேன்.

மறுபடியும் அக்கா. ஆறாவது தடவையா? ஏழா? நீங்க எண்ணிக்கிட்டா இருக்கீங்க?

எடுக்கச் சொல்றீங்க. எடுத்தா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். காலையில நான் போனது எதுக்கு? மணி வாங்க. எல்லாம் கூடிருச்சு, மணி மட்டும்தான் பாக்கி. பூஜைக்கு நீயும் வான்னு கூப்பிடலாம்னும்தான் போனேன். மணியத் தொடைச்சுக் கையில வச்சுக்கிட்டு, 'போர்க்கை எங்கடா வச்சிருக்க?'ன்னு கேட்டா. நானும் பெருமையா, 'வண்டியில மாட்டியாச்சுக்கா'ன்னேன். 'மாட்டி?'ன்னா. 'ஓடப்போகுதுக்கா. கலுங்கு எறக்கத்துல எறங்கி விலக்குக்கு வருது இன்னைக்கு'ன்னேன். 'யாரு ஓட்டுறா?'ன்னா. மங்கைன்னேன்.

மணிய அப்படியே தூக்கி என் மூஞ்சியில அடிச்சுட்டா.

சரி, நெலை இல்ல. மணிதான். மரியாதையா இருக்காதேன்னு நெலைன்னு சொன்னேன். அறுபத்தொரு வயசுப் பொம்பளை, கையில என்ன வலுங்கிறீங்க! அடிச்சுட்டு என் சட்டையப் புடிச்சுக்கிட்டு, 'பிள்ளை நம்பரைக் குடுடா, பிள்ளை நம்பரைக் குடுடா'ன்னு கத்துறா. கல்யாண வீட்டுல பார்த்ததோட சரி, மங்கை நம்பர் அவகிட்ட இல்ல. எங்க ஊருலயும் யாரோடயும் அவளுக்குப் பேச்சுவார்த்தை கெடையாது. நான் குடுக்கல. எதுக்குக் குடுக்கணும்? நல்ல நாள் அதுவுமா பிள்ளையப் பயங்காட்டுறதுக்கா? உருண்டு கெடந்த மணியப் பொறுக்கிக்கிட்டு வந்துட்டேன். தெருமுக்கு வரைக்கும் செருப்புகூட இல்லாம ஓடிவந்தா.

இந்த வண்டி மேல அவளுக்கு ஆசை இருக்கு அண்ணாச்சி. அதான் விசயம். எனக்கு வந்திருச்சேன்னு வயித்தெரிச்சல்.

மணி நாலா? நாலு அஞ்சா? எலுமிச்சம்பழம் ஏத்தியிருப்பா.

காலையிலயே போன் பண்ணிட்டா மங்கை. அக்கா வீட்டுக்குப் போற வழியில நான் சாத்தூர் ஸ்டாண்டுல நிக்கிறேன். 'வண்டியக் கழுவி சந்தனம் குங்குமம் வச்சுட்டேன்ப்பா'ன்னா. எங்கெங்க வச்சன்னு கேட்டேன். ஹேண்டில்ல, சீட்டுக்குக் கீழ, அப்புறம் நான் சொன்ன மாதிரி போர்க்குல, மேல சேர்ற எடத்துல ரெண்டு பக்கமும். 'அப்பா, போர்க்குல வச்ச சந்தனம் மட்டும் காஞ்சு நடுவுல கீறல் விட்டிருக்குப்பா. கோடு போட்ட மாதிரி நேரா'ன்னா. சந்தனம் காஞ்சா வெடிக்கத்தான்டி செய்யும்னேன். 'மத்த எடத்துல வெடிக்கலையே. தொடைச்சுப் பார்த்தேன், பெயிண்ட்டுலயும் கோடு தெரியுது'ங்கிறா. மேல இன்னும் கொஞ்சம் கெட்டியாக் கொழைச்சு வையின்னு சொல்லிட்டேன். சரிப்பான்னுட்டா. சொன்னாக் கேக்குற பிள்ளை. அவ அம்மா மாதிரி.

என்ன அண்ணாச்சி, பொரி அப்படியே இருக்கு? சாப்பிடுங்க.

நான் போன் பண்ணணுமா? யாருக்கு, மங்கைக்கா? பண்ணி என்ன சொல்ல? ஏறாதேன்னா? நல்லாருக்கே. பத்து மாசம் நாயா அலைஞ்சு கூட்டுன வண்டிய, பூஜை போட்டு வச்சிருக்கிற நேரத்துல, ஏறாதேன்னு எந்த வாயால சொல்லுவேன்? ஏன்ப்பான்னு கேப்பா. என்னன்னு சொல்றது? உங்க அத்தை சொல்றதுதான் உண்மைன்னு சொல்லவா? நீங்களும் அக்கா மாதிரியே பேசுறீங்களே. முன்னப்பின்ன தெரியாத மனுசன்கிட்ட மனசு விட்டுச் சொன்னா இதான் பலன்.

கோவிச்சுக்காதீங்க. நான் சத்தமாப் பேசிட்டேன். உங்களுக்கும் பொண்ணு இருக்கா? அதான்.

நீங்க சொல்றதுக்காக வேணும்னா பண்றேன். இந்தாங்க, நீங்களே பாருங்க, மங்கைன்னு போட்டிருக்கு, அழுத்துறேன். மணி போகுது. போகுது. எடுக்கல. எடுக்கமாட்டா, வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அப்ப கெளம்பிட்டா. பார்த்தீங்களா, கெளம்பிட்டா. கரை மேல ஏறியிருப்பா இந்நேரம். எங்க கண்மாய் இப்ப பாதி தண்ணி, காத்து நல்லா அடிக்கும்.

பைக்குள்ள மணி அடிக்குது. பஸ்ஸு குலுங்குது.

அப்பா கடைசியா எறங்குன அன்னைக்கும் காத்துதான். வெள்ளைச் சட்டை. ஒரு கையால ஹேண்டிலைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டே போனாரு. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். போர்க்குல புதுப் பெயிண்டு மினுமினுன்னு இருந்துச்சு, ஏறுறதுக்கு முந்தி அதைப் பார்த்துட்டு, 'யாருடா தொடைச்சது, நல்லாருக்கே'ன்னு கேட்டாரு. நான்தாம்ப்பான்னேன். சிரிச்சாரு. எங்கப்பா லேசுல சிரிக்கமாட்டாரு.

வேப்பங்குளம் விலக்கு இன்னும் எம்புட்டுத் தூரம் கண்டக்டர்? அடுத்ததுக்கு அடுத்ததா? சரி.

போன். இது யாரு, புது நம்பரு. அக்காதான் அண்ணாச்சி. நான் எடுக்கலைன்னதும் பக்கத்து வீட்டுப் போன்லேருந்து அடிக்கிறா. அவ புத்தி எனக்குத் தெரியாதா? நீங்க எடுங்களேன். இந்தாங்க. ஆள் போனை மறந்து வச்சுட்டு எறங்கிப் போயிட்டாருன்னு சொல்லிருங்க. ஒரு ஒத்தாசை, அம்புட்டுதான். எடுங்க.

அக்கா என்ன சொல்றா? அழுறாளா?

யாரு?

எந்த ஆட்டோக்காரரு? அக்கா இல்லையா?

கலுங்குலயா.

உசுரு இருக்கா? அதைக் கேளுங்க மொதல்ல. இருக்கா. பேசுறாளா? பேசுறாள்ல? அப்பச் சரி. அப்பச் சரி. வேகமா வந்திருப்பா அண்ணாச்சி. அவளுக்கு எதுலயும் வேகந்தான். மெதுவா எறங்குடின்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். காலேஜுப் பிள்ளைக இப்பல்லாம் ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுதுக, நான் பார்த்திருக்கேன், அதான் நடந்திருக்கும். அங்க கூட்டமா நிக்கிறாங்களா? அவர்கிட்டச் சொல்லுங்க, எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க, பிள்ளை வேகமா வந்திருச்சுன்னு...

அவ என்ன சொல்றா? ஸ்பீக்கர்ல போடுங்க. வேண்டாம், போடாதீங்க, போடாதீங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

மெதுவாத்தான் வந்தாளா. பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே.

சத்தமா? என்ன சத்தம்?

மறுபடியும் கேளுங்க அண்ணாச்சி. எது மொதல்ல? நல்லாக் கேளுங்க. விழுந்ததா, சத்தமா? பிள்ளை பயத்துல மாத்திச் சொல்லுவா, நெதானமாக் கேளுங்க. டக்குனு சத்தம் கேட்டுச்சு. முன்னாடி. அதுக்கப்புறந்தான் சாஞ்சா. சத்தம் மொதல்ல. சத்தந்தான் மொதல்ல.

கால் மரத்துப்போன மாதிரி இருக்கா. ரெண்டு காலுமா.

கண்டக்டர், நிப்பாட்டுங்க. இங்கனயே நிப்பாட்டுங்க. விலக்கு வரலைன்னாப் பரவாயில்ல, நான் ஓடிருவேன். பையா? பை கெடக்கட்டும். நீங்களே வச்சுக்கோங்க. மணிதான உள்ள இருக்கு. போனைக் குடுங்க அண்ணாச்சி, அடிக்குது பாருங்க, அக்கா கூப்பிடுறா. இல்ல, கட் பண்ண வேண்டாம். குடுங்க. நான் எடுக்கிறேன்.

அக்கா. நான்தான்.

அப்பா குடிக்கலக்கா.